வாக்குக்கு வரி கேட்ட வழக்குகள்: புதிதாகப் படிக்க வருபவருக்கு ஒரு வழித்துணை

"வருஷத்துக்கு ஒன்றரை டாலர்தானே, அதற்கா உச்ச நீதிமன்றம் வரை போனார்கள்?"

அமெரிக்கத் தலைவரி வழக்குகளைப் படிக்க உட்காரும் மாணவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். நானும் முதல் தடவை படித்தபோது அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தொகையிலேயே கண்ணை வைத்திருந்தால் இந்த வழக்குகள் பிடிபடாது. எப்போது கட்ட வேண்டும், எத்தனை வருஷத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும், கேட்டு யாராவது வருவார்களா, கட்டாவிட்டால் என்ன நடக்கும் என்பதையெல்லாம் பார்த்தால்தான், ஒன்றரை டாலர் எப்படி லட்சக்கணக்கானவர்களை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தியது என்று தெரியும். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவதும் அதுதான். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. நிதானமாகப் படிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள்

தலைவரிக்கு ஆங்கிலத்தில் 'போல் டாக்ஸ்' என்று பெயர். அதைக் கேட்டதும் போலிங் பூத் ஞாபகம் வந்து, வாக்குச்சாவடியில் வாங்கும் கட்டணம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இங்கே 'போல்' என்ற சொல்லுக்குத் தலை என்று பொருள். நம் ஊர்க் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள் அல்லவா, அது குடும்பத்துக்கு ஒன்று. இது வயது வந்த ஆளுக்கு ஒன்று. சொத்து, வருமானம் எதையும் பார்க்காமல் எல்லார் தலையிலும் ஒரே அளவு விழும் வரி.

இன்னொன்றையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாநிலம் தலைவரி போடலாமா கூடாதா என்பது இந்த வழக்குகளில் பிரச்சினையே அல்ல. அந்த வரியைக் கட்டிய பிறகுதான் வாக்கு என்று சொல்லலாமா என்பதுதான் பிரச்சினை. தேர்வுத்தாளில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புபவர்கள் நிறையப் பேர்.

பின்னணி சுருக்கமாக. உள்நாட்டுப் போருக்குப் பிறகு அமெரிக்க அரசியல் சாசனத்தின் 15-வது திருத்தம் இனத்தின் பெயரால் வாக்கை மறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதனால் தென்மாநிலங்கள் இனம் என்ற சொல்லையே எழுதாமல் கறுப்பின மக்களை விலக்க வழி தேடின. மிசிசிப்பி 1890-இலும், அலபாமா 1901-இலும், வர்ஜீனியா 1902-இலும் புது அரசியல் சாசனம் எழுதி, எழுத்தறிவுச் சோதனையோடு தலைவரியையும் வாக்குக்கு நிபந்தனையாக்கின. ஏழை வெள்ளையர்களும் இதில் சேர்த்து அடிபட்டார்கள்.

இரண்டாவது: ஹார்ப்பர் தீர்ப்பின் முதல் அடிக்குறிப்பு

காலவரிசைப்படி ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் யோசனை. 1966 மார்ச் 24 அன்று வந்த 'ஹார்ப்பர் எதிர் வர்ஜீனியா மாநிலத் தேர்தல் வாரியம்' தீர்ப்பை எடுங்கள். '383 யு.எஸ். 663' என்று குறிப்பிடுவார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பின் 383-ஆம் தொகுதியில் 663-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது என்று அர்த்தம். கார்னெல் சட்டக் கல்லூரியின் இணையதளத்திலும், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்திலும் இலவசமாகவே கிடைக்கும். தொடக்கத்தில் இருக்கும் சுருக்கம் நீதிபதிகள் எழுதியது அல்ல, அதை மேற்கோள் காட்டாதீர்கள். தீர்ப்பையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நேராக முதல் அடிக்குறிப்புக்குப் போங்கள்.

வர்ஜீனியாவின் தலைவரி உண்மையில் எப்படி வேலை செய்தது என்பது முழுதும் அங்கேதான் இருக்கிறது. பதிவு செய்ய விண்ணப்பிக்கும் ஆண்டுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் வரியையும் தானே கட்டியிருக்க வேண்டும். தேர்தலுக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே கட்டி முடித்திருக்க வேண்டும். சொத்துவரிப் பட்டியலில் இருப்பவர்களுக்கு அந்தப் பில்லோடு தலைவரியும் பெரும்பாலும் சேர்ந்தே வந்துவிடும். சொத்துவரி கட்டாதவருக்கோ தலைவரிக் கணக்கே போட மாட்டார்கள். அவரே அலுவலகம் தேடிப் போய் "எனக்கு வரி போடுங்கள்" என்று கேட்க வேண்டும்.

இதை ஒரு ஆளை வைத்துப் பார்த்தால்தான் உறைக்கும். 1965 நவம்பரில் வர்ஜீனியாவில் ஆளுநர் தேர்தல். அந்த வருஷம் முதன்முதலாக வாக்களிக்க நினைக்கும் ஒரு வீட்டுப் பணிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். 1962, 63, 64 மூன்று வருஷத்துக்கும் சேர்த்து 4.50 டாலர். அன்றைய கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1.25 டாலர், அதுவும் வீட்டு வேலை செய்பவர்களுக்குப் பொருந்தாது. பணத்தை எப்படியோ புரட்டிவிட்டாலும் மே மாதத் தொடக்கத்துக்குள் கட்டியிருக்க வேண்டும். தேர்தல் சூடு பிடித்து, யாருக்குப் போடலாம் என்று ஊர் பேச ஆரம்பிக்கும்போது கெடு முடிந்து எத்தனையோ மாதம் ஆகியிருக்கும். அவர் பேரில் சொத்து எதுவும் இல்லாததால் பில்லும் வந்திருக்காது.

அடிக்குறிப்பின் கடைசி வரியைத் தவறவிடாதீர்கள். பாக்கி விழுந்து மூன்று ஆண்டு ஆகும் வரை அந்த வரியை வசூலிக்க அரசு வழக்குப் போடக் கூடாது என்று வர்ஜீனியா சாசனமே சொன்னது. வரி என்றால் வசூலிக்கத்தானே போடுவார்கள்? இங்கே கடன் கொடுத்தவர் வீட்டுக்கு வந்து கேட்கவே மாட்டார், வாக்குச்சாவடி வாசலில் மட்டும் வழிமறித்து நிற்பார். இந்த வரிக்கு வருமானம் நோக்கமே அல்ல என்று எனக்குப் பிடிபட்டது இந்த ஒரு வரியில்தான்.

மற்ற மாநிலங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். டெக்சஸில் மாநிலத்துக்கு 1.50, மாவட்டம் விரும்பினால் இன்னும் 25 சென்ட். கட்டும் காலம் அக்டோபர் 1 முதல் ஜனவரி 31 வரை. வாக்களிப்பதோ அடுத்த நவம்பரில். அலபாமாவில் பாக்கி சேர்ந்துகொண்டே போகும். 21 வயதிலிருந்து 45 வயது வரை கட்டாதிருந்தவர் அதிகபட்சம் 36 டாலர் வரை மொத்தமாக வைத்தால்தான் வாக்கு. 1953-இல்தான் அதை இரண்டு வருஷப் பாக்கியாகக் குறைத்தார்கள்.

மூன்றாவது: தோற்றுப்போன வழக்கைப் படியுங்கள்

இப்போது பின்னோக்கிப் போகலாம். 1937-இல் 'பிரீட்லவ் எதிர் சட்டில்ஸ்'. ஜார்ஜியாவில் தலைவரி ஒரு டாலர். வழக்குப் போட்டவர் 28 வயது வெள்ளைக்காரர், வரி கட்டாமல் பதிவு செய்யக் கேட்டார். 21 வயதுக்குக் கீழும் 60-க்கு மேலும் வரி இல்லை, வாக்காளராகப் பதிவு செய்யாத பெண்களுக்கும் இல்லை, எனக்கு மட்டும் ஏன் என்பது அவர் வாதத்தில் ஒரு பகுதி. நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது. வாக்குரிமை மாநிலம் கொடுப்பது, அதற்குத் தகுந்த நிபந்தனையை அது வைக்கலாம் என்றது.

இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது அதில் என்ன இல்லை என்று கவனியுங்கள். கட்ட முடியாத ஏழை அதில் வரவே இல்லை. ஆண், பெண், வயது என்ற பிரிவுகளைப் பற்றித்தான் பேச்சு. வழக்கை எப்படிக் கொண்டுபோகிறோமோ அப்படித்தான் தீர்ப்பும் வரும். ஜார்ஜியா 1945-இல் இந்த வரியைத் தானாகவே விட்டது, நீதிமன்றம் சொல்லி அல்ல. 1951-இல் வர்ஜீனியாவின் வரியை எதிர்த்த 'பட்லர் எதிர் தாம்சன்' வழக்கும் தோற்றது. அதில் மாறுபட்டவர் ஒரே ஒரு நீதிபதி, வில்லியம் டக்ளஸ். அந்தப் பெயர் திரும்ப வரும்.

நான்காவது: திருத்தத்தின் எல்லைக்கோடு

1964 ஜனவரி 23 அன்று 24-வது அரசியல் சாசனத் திருத்தம் நிறைவேறியது. தலைவரியோ வேறு எந்த வரியோ கட்டவில்லை என்பதற்காக வாக்கை மறுக்கக் கூடாது என்றது. ஆனால் குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், காங்கிரஸ் தேர்தல்களுக்கு மட்டும். ஆளுநர், மாநிலச் சட்டமன்றம், நகரசபை எதற்கும் இது பொருந்தாது. அப்போது அலபாமா, ஆர்கன்சா, மிசிசிப்பி, டெக்சஸ், வர்ஜீனியா என்ற ஐந்து மாநிலங்களில் வரி மிச்சம் இருந்தது.

திருத்தம் வரப்போகிறது என்று தெரிந்ததும் வர்ஜீனியா என்ன செய்தது தெரியுமா? கூட்டாட்சித் தேர்தலில் வரி கட்ட விரும்பாதவர், அதற்குப் பதில் வசிப்பிடச் சான்று தாக்கல் செய்யலாம் என்றது. அந்தச் சான்றைத் தேர்தல் வரும் ஒவ்வொரு ஆண்டும் புதிதாகத் தர வேண்டும், நோட்டரியோ சாட்சியோ கையெழுத்திட வேண்டும், தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே தர வேண்டும். பணத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காகிதத்தை வைத்தார்கள். கெடு மட்டும் அப்படியே இருந்தது. 1965-இல் 'ஹார்மன் எதிர் ஃபோர்செனியஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. வரி கட்டாதவர் என்பதற்காகவே ஒருவர் மேல் கூடுதல் சுமை ஏற்றுவதும் திருத்தத்தை மீறுவதுதான் என்பது முடிவு. சின்ன வழக்குதான், ஆனால் படித்தே ஆக வேண்டும். பின்னால் வந்த எத்தனையோ வழக்குகளுக்கு வாக்காளர்களின் வழக்கறிஞர்கள் இங்கிருந்துதான் வாதம் எடுத்தார்கள்.

ஐந்தாவது: இப்போது ஹார்ப்பர் முழுவதும்

மாநிலத் தேர்தல்கள் மிச்சம் இருந்தன. நார்ஃபோக் நகரத் தையல்காரர் ஈவ்லின் பட்ஸ் 1963-இல் வழக்குப் போட்டார். வழக்கறிஞர் ஜோசப் ஜோர்டான், இரண்டாம் உலகப்போரில் காயப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருந்தவர். அடுத்த ஆண்டு, வாஷிங்டனுக்குத் தெற்கே ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டத்தின் கம் ஸ்பிரிங்ஸ் என்ற கறுப்பினக் குடியிருப்பிலிருந்து, வீட்டு வேலை செய்து ஓய்வு பெற்ற ஆனி ஹார்ப்பர் வேறொரு வழக்குப் போட்டார். பிரீட்லவ் தீர்ப்பு இருக்கிறது என்று கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் இரண்டையும் சேர்த்து விசாரித்தது. 1966 ஜனவரி 25, 26 தேதிகளில் நடந்த வாதத்தில், அப்போது அரசின் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த தர்குட் மார்ஷல் அமெரிக்க அரசின் சார்பில் வரியை எதிர்த்துப் பேசினார். ஒலிப்பதிவு 'ஓயேஸ்' தளத்தில் இருக்கிறது, தீர்ப்பைப் படிக்கும் முன் கேளுங்கள். வழக்கு ஹார்ப்பர் பெயரில் நின்றுவிட்டதால் முதலில் படியேறிய ஈவ்லின் பட்ஸைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. நார்ஃபோக்கில் இன்று அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

பெரும்பான்மைத் தீர்ப்பு எட்டுப் பக்கத்துக்குள் முடிந்துவிடும். எழுதியவர் டக்ளஸ், 1951-இல் தனியாக மாறுபட்ட அதே நீதிபதி. 6-க்கு 3. படிக்கும்போது மூன்று இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள்.

முதலாவது, இது 24-வது திருத்தத்தின் மேல் நிற்கும் தீர்ப்பு அல்ல. சட்டம் எல்லாரையும் சமமாகக் காக்க வேண்டும் என்று மாநிலங்களுக்குச் சொல்லும் 14-வது திருத்தத்தின் சமப் பாதுகாப்புப் பிரிவின் மேல் நிற்கிறது. இங்கேதான் புதியவர்கள் அதிகம் தவறு செய்கிறார்கள். கூட்டாட்சித் தேர்தலுக்கு 24, மாநிலத் தேர்தலுக்கு 14, இப்படி நினைவு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, வரி இனப்பாகுபாட்டுக்காகப் போடப்பட்டது என்ற அடிப்படையிலும் தீர்ப்பு எழுதப்படவில்லை. பணம் இருப்பதற்கும் வாக்களிக்கும் தகுதிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதே அடிப்படை. அதனால்தான் எந்த இனத்து ஏழைக்கும் இது உதவும். மூன்றாவது, பாகுபாடு எவ்வளவு பெரியது, சிறியது என்பது இங்கே பொருட்டல்ல என்று ஒரு வாக்கியம் வரும். "ஒன்றரை டாலர்தானே" என்ற கேள்விக்கு நீதிமன்றம் சொன்ன பதில் அதுதான்.

பிறகு மாறுபட்ட தீர்ப்புகள். இவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். அலபாமாவிலிருந்து வந்த ஹியூகோ பிளாக், வருமானம் திரட்டவும், வரி கட்டுபவர் ஆட்சியில் அக்கறை காட்டுவார் என்று நம்பவும் மாநிலத்துக்கு நியாயம் இருக்கலாம், நீதிபதிகள் தங்கள் விருப்பத்தைச் சாசனத்துக்குள் எழுதக் கூடாது என்றார். ஹார்லனும் ஸ்டூவர்ட்டும் சொத்துத் தகுதியும் தலைவரியும் அமெரிக்காவின் பழைய மரபு என்றார்கள். அது உண்மைதான், குடியரசின் தொடக்க நாளில் சொத்துள்ளவர்தான் வாக்காளர். மரபு என்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடாது என்பது என் கருத்து. ஆனால் அவர்கள் வாதத்துக்கு உங்களால் பதில் எழுத முடிந்தால்தான் ஹார்ப்பர் உங்களுக்குப் புரிந்தது என்று அர்த்தம்.

டெக்சஸ், அலபாமா வரிகளைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் ஹார்ப்பருக்குச் சில வாரம் முன்பே செல்லாது என்றிருந்தன. 1965 வாக்குரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவு இப்படி வழக்குப் போடும்படி அரசின் தலைமை வழக்கறிஞருக்குக் கட்டளையிட்டிருந்தது. மிசிசிப்பியும் அதே ஆண்டு வீழ்ந்தது.

ஆறாவது: வரியிலிருந்து சொத்துக்கு

ஹார்ப்பரோடு நிறுத்திவிடுபவர்கள் பாதிக் கதையைத்தான் படித்தவர்கள். அடுத்து 1969-இன் 'கிராமர்' வழக்கு. நியூயார்க்கில் சில பள்ளி மாவட்டங்களில் வாக்களிக்க, அங்கே சொத்து வைத்திருக்க வேண்டும் அல்லது குத்தகைக்கு எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பள்ளியில் பிள்ளை படிக்க வேண்டும். பெற்றோர் வீட்டில் இருந்த 31 வயதுத் திருமணமாகாத பங்குத் தரகர் எதிர்த்துப் போனார், வென்றார். அவர் ஏழை அல்ல என்பதைக் கவனியுங்கள். இங்கே கேள்வி வறுமையிலிருந்து நகர்ந்து, யாருக்கு அக்கறை இருக்கிறது என்பதை அரசு எப்படி முடிவு செய்யலாம் என்று மாறுகிறது. அதே நாளில் நகரம் கடன் வாங்கலாமா என்று மக்களைக் கேட்கும் லூசியானாவின் ஹூமா நகரக் கடன்பத்திரத் தேர்தல் வழக்கும், 1970-இல் ஃபீனிக்ஸ் நகர வழக்கும் இதே வழியில் போயின.

விதிவிலக்கு 1973-இன் 'சாலியர்' வழக்கு. கலிஃபோர்னியாவின் துலாரே ஏரிப் படுகையில் நீர்ச்சேமிப்பு மாவட்டம். நிலம் உள்ளவருக்கு மட்டும் வாக்கு, அதுவும் நில மதிப்பில் ஒவ்வொரு 100 டாலருக்கும் ஒரு வாக்கு. பாஸ்வெல் என்ற ஒரே நிறுவனத்திடம் 37,825 வாக்குகள். அங்கேயே குடியிருந்த நிலமில்லாதவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. குறுகிய நோக்கம் கொண்ட அமைப்பு, செலவும் நில உரிமையாளர்கள் தலையில்தான் என்று நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. டக்ளஸ் மறுபடி மாறுபட்டார். வெள்ளம் வந்தால் நிலமில்லாதவர் வீட்டிலும் தண்ணீர் ஏறும் அல்லவா? இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் எல்லை எங்கே போடப்பட்டிருக்கிறது என்று தெரிய இதைப் படிக்காமல் முடியாது.

ஏழாவது: நிற்பவருக்கும் விலை

வாக்களிப்பவர் பக்கம் பார்த்தாயிற்று. வேட்பாளர் பக்கத்துக்கு இரண்டு வழக்கு போதும். 1972-இன் 'புல்லக் எதிர் கார்ட்டர்': டெக்சஸில் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலில் நிற்கச் சில பதவிகளுக்கு 8,900 டாலர் வரை கட்டணம், அந்தத் தேர்தலின் செலவை வேட்பாளரிடமே வாங்கும் ஏற்பாடு. 1974-இன் 'லூபின் எதிர் பானிஷ்': லாஸ் ஏஞ்சலிஸில் 701.60 டாலர். கட்ட வழியில்லாதவர் நிற்க வேறு பாதை இல்லையென்றால் கட்டணம் செல்லாது என்பது லூபின் தரும் விதி.

இதை நம் டெபாசிட்டோடு ஒப்பிடத் தோன்றும். அதைவிட நெருங்கியது 'ராஜ்பாலா எதிர் ஹரியானா' வழக்கு. பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும், மின்கட்டணப் பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டத்தை நம் உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பர் 10 அன்று ஏற்றுக்கொண்டது. அரசு உதவி இருந்தும் கழிப்பறை கட்டாமல் இருப்பது வறுமையால் அல்ல, மனமில்லாததால் என்றது. லூபினையும் ராஜ்பாலாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஏழையால் முடியாது என்று ஒரு நீதிமன்றம் தொடங்குகிறது, நினைத்தால் முடியும் என்று மற்றொன்று தொடங்குகிறது. முடிவுகள் எதிரெதிராகப் போவதற்கு அந்தத் தொடக்கமே காரணம்.

எட்டாவது: இன்றைய வழக்கில் பழைய கேள்வியைப் போட்டுப் பாருங்கள்

2008-இன் 'கிராஃபோர்ட்' வழக்கில் இண்டியானாவின் புகைப்பட அடையாளச் சட்டம் தப்பித்தது. அட்டை இலவசம் என்பது முக்கியக் காரணம். அட்டைக்குக் கட்டணம் வாங்கியிருந்தால் ஹார்ப்பர்படி சட்டம் நிற்காது என்று நீதிபதி ஸ்டீவன்ஸே எழுதினார். ஆனால் அட்டை வாங்கத் தேவைப்படும் பிறப்புச் சான்றுக்கு அங்கே 3 முதல் 12 டாலர் வரை ஆகும் என்பது அதே தீர்ப்பின் அடிக்குறிப்பில் இருக்கிறது. மறுபடியும் அடிக்குறிப்பு!

ஃபுளோரிடா இன்னும் கடினம். தண்டனை முடித்தவர்களுக்கு வாக்குரிமை திரும்பக் கிடைக்க 2018-இல் மக்கள் ஏறக்குறைய 65 சதவீத ஆதரவோடு வாக்களித்தார்கள். தண்டனை முடிவது என்றால் அபராதம், நீதிமன்றக் கட்டணம், இழப்பீடு எல்லாம் கட்டி முடிப்பது என்று 2019-இல் சட்டமன்றம் விளக்கம் சொன்னது. யார் எவ்வளவு பாக்கி என்று பல பேர் விஷயத்தில் அரசாலேயே சொல்ல முடியவில்லை என்பது விசாரணையில் வெளியானது. 2020 மே மாதம் நீதிபதி ராபர்ட் ஹிங்கிள் இதைக் காசு கொடுத்து வாக்களிக்கும் ஏற்பாடு என்று சொல்லிப் பெரும்பகுதியைச் செல்லாது என்றார். செப்டம்பரில், ஃபுளோரிடா அடங்கும் வட்டாரத்துக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ('11-வது சர்க்யூட்') 6-க்கு 4 என்று அதை மாற்றியது. அது வரி அல்ல, தண்டனையின் பகுதி என்றது பெரும்பான்மை.

உங்கள் பயிற்சியும் இதுதான். ஹார்ப்பரின் முதல் அடிக்குறிப்பையும் ஹிங்கிளின் தீர்ப்பையும் எதிரெதிரே வைத்து, ஒரு தாளில் நாலு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். பணத்தை யார் யாரிடம் கேட்கிறார்கள்? எவ்வளவு என்று கட்ட வேண்டியவருக்குத் தெரியுமா? கெடு எப்போது? கட்டாவிட்டால் வாக்கு போவதைத் தவிர வேறு ஏதாவது நடக்கிறதா? வர்ஜீனியா 1965, ஃபுளோரிடா 2020 என்று இரண்டு பத்தி போடுங்கள். எழுதி முடித்த பிறகு மேல்முறையீட்டுத் தீர்ப்பைத் திறந்து, அந்தப் பத்து நீதிபதிகளில் யார் எந்தக் கேள்வியைத் தொட்டார்கள், யார் தொடாமல் விட்டார்கள் என்று தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள்.